துணைக்கு ஆள்: முதுமையில் இயலாமையும் மருத்துவ வசதிகளின் பயன்பாடும்

முதுமையில் வரும் இயலாமையை அளப்பவர்கள் நோயின் பெயரைக் கேட்பதில்லை. ஒருவர் அன்றாடம் எதையெல்லாம் தானே செய்துகொள்கிறார் என்று கேட்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, மலசலத்தை அடக்குவது, உண்பது என ஆறு செயல்களைக் கொண்டு அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். 1969-இல் லாட்டனும் பிராடியும் அதற்கு மேல் இன்னொரு அடுக்கை வைத்தனர். சமைப்பது, கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது, மாத்திரையை வேளைக்கு எடுத்துக்கொள்வது, தொலைபேசியில் பேசுவது, வண்டி ஏறி வெளியே போய்வருவது ஆகியவை அதில் அடங்கும். பெரும்பாலும் முதலில் தளர்வது இந்த மேலடுக்குதான். மருத்துவ வசதியைப் பயன்படுத்தத் தேவையான திறன்களும் இதில்தான் இருக்கின்றன. தானாகச் சாப்பிடுகிறார், குளிக்கிறார், ஆனால் பேருந்து ஏற முடியாது, மாத்திரை அட்டைகளைப் பிரித்தறிய முடியாது என்ற நிலையில் இருக்கும் முதியவரை வீட்டார் நலமாக இருப்பவர் என்றே எண்ணுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பொறுத்தவரை அவர் அப்போதே எட்டாத தொலைவுக்குப் போய்விட்டார்.

இயலாமை உடலுக்குள் மட்டும் இருப்பதில்லை, சூழலோடு சேர்ந்தே உருவாகிறது என்ற கருத்தை உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட வகைப்பாடு நிலைநாட்டியது. முழங்கால் தேய்ந்த ஒருவர் மேற்கத்திய கழிப்பறையும் கைப்பிடியும் உள்ள வீட்டில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். குந்தி உட்காரும் கழிப்பறையோ திறந்தவெளியோதான் கதி என்றால், அதே முழங்காலோடு அவருக்கு இன்னொருவர் தோள் வேண்டும்.

எண்ணிக்கையில் தொடங்கும் குழப்பம்

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடி. அவர்களில் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானோர் ஏறத்தாழ 54 லட்சம், அதாவது 5 சதவீதத்தை ஒட்டிய அளவு. 2017-18-இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்ட இந்திய முதுமை நீள்வரிசை ஆய்வு வேறு கணக்கைச் சொல்கிறது. 60 கடந்தவர்களில் சுமார் 24 சதவீதத்தினருக்குக் காட்ஸ் பட்டியலில் ஒரு செயலாவது சிரமமாக இருந்தது. மேலடுக்குச் செயல்களில் ஒன்றாவது சிரமமாக இருந்தோர் சுமார் 48 சதவீதம்.

ஆறேழு ஆண்டு இடைவெளியில் ஒரு நாட்டின் முதியோர் இவ்வளவு தளர்ந்துவிட முடியாது. வேறுபாடு கேள்வியில் இருக்கிறது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று வீட்டில் மாற்றுத்திறனாளி யாரேனும் உண்டா என்று கேட்டால், திண்ணையில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருக்கும் தாத்தாவை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. "அவுகளுக்கு வயசாச்சு, அவ்வளவுதான்" என்பதே பதில். குளிக்கும்போது யாராவது உதவ வேண்டுமா என்று கேட்டால்தான் விடை மாறும். இந்தப் பதில் கணக்கை மட்டும் குறைப்பதோடு நிற்பதில்லை. வயதின் இயல்பு என்று எது ஒதுக்கப்படுகிறதோ அது மருத்துவரிடம் போவதும் இல்லை. காது மந்தம், சிறுநீர் அடங்காமை, அடிக்கடி விழுவது, மறதி ஆகிய நான்கும் இப்படி வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகும் குறைகளில் முதன்மையானவை. நான்குக்கும் ஏதோவொரு அளவில் மருத்துவம் உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியவே வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி மற்ற பல மாநிலங்களைவிட முன்னதாக வந்துவிட்டது. 2011-இல் மாநில மக்களில் 10.4 சதவீதத்தினர் 60 கடந்தவர்கள். 2021-க்கு 13.6 சதவீதம் என்றும் 2031-க்கு 18.2 சதவீதம் என்றும் அதிகாரபூர்வக் கணிப்பு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே இதற்கு முன்னால் நிற்கிறது. கேரள எல்லையை ஒட்டியே 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டமும், அதன் கிழக்குப் பக்கத்துச் சந்தை ஊரான பாவூர்சத்திரமும் இருக்கின்றன.

இயலாமையோடு மூப்பு, மூப்போடு இயலாமை

முதிய மாற்றுத்திறனாளிகள் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவர்கள் இரண்டு வழிகளில் அந்த இடத்துக்கு வந்தவர்கள். இளமையிலேயே போலியோவோ விபத்தோ தாக்கி, அதோடு வாழ்ந்து மூத்தவர்கள் ஒரு சாரார். அறுபது வயதுவரை வயலிலும் கடையிலும் ஓடியாடிவிட்டு, பிறகு கண்ணோ காலோ தளர்ந்தவர்கள் மற்றொரு சாரார். தொகையில் இரண்டாமவர்களே மிகப் பெரும்பான்மை.

முதல் சாராருக்குத் தென்காசி வட்டாரம் ஒரு நல்ல எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் நடந்த விபத்தில் கழுத்தெலும்பு நொறுங்கி, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தன் சொந்த ஊரான ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். தசைச்சிதைவு நோயுடைய எஸ். சங்கரராமன் 1992-இல் இணைந்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வுப் பிரிவு, கிராமங்களுக்கே போய்ச் செய்யும் பயிற்சி, குழந்தைகளின் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் பணி என அது வளர்ந்தது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கழுத்துக்குக் கீழே அசைவற்ற ஒருவர் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அண்டாமல் பல பத்தாண்டுகள் வாழவும் உழைக்கவும் முடியும் என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

இந்தச் சாரார் மருத்துவ அமைப்பை அறிந்தவர்கள். எந்த அலுவலகம், எந்தச் சான்று, எந்தக் கருவி என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மூப்பு அவர்களுக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. ஊன்றுகோலில் நாற்பது ஆண்டு உடலைத் தாங்கிய தோள் மூட்டு தேய்கிறது. போலியோவிலிருந்து தேறிய தசைகள் சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வலுவிழக்கின்றன. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். நோய் ஒழிந்ததோடு அதைப் பற்றிய மருத்துவ அறிவும் இளைய மருத்துவர்களிடம் மங்குகிறது. அந்த நோயால் தாக்கப்பட்ட தலைமுறையோ இப்போதுதான் அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் சாராருக்குச் சிக்கல் வேறு. தங்களை மாற்றுத்திறனாளி என்று அவர்கள் எண்ணுவதே இல்லை. எனவே அந்தப் பெயரில் இருக்கும் எந்தக் கதவையும் தட்டுவதும் இல்லை.

உழைப்பு உடலில் விட்டுச் சென்றது

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், தென்காசிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் முன்னால் பாவூர்சத்திரம் இருக்கிறது. இங்குள்ள காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குச் சரக்கு போகிறது. கீழப்பாவூர், ஆவுடையானூர், குறும்பலாப்பேரி, திப்பணம்பட்டி எனச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்களுக்கு வயலும் சந்தையும் சுமையும், பெண்களுக்குப் பீடி சுற்றுவதும்தான் நெடுங்காலத் தொழில். பலர் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் கடை வேலைக்குப் போனார்கள், போகிறார்கள்.

பீடி சுற்றுவது பார்வைக்கு இலேசான வேலை. தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, கழுத்தைக் குனிந்து, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்ட வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் பீடி என்பது கூலிக்கான வழக்கமான கணக்கு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தட்டைப் பிடித்த பெண் அறுபதில் அதை இறக்கும்போது கழுத்தும் இடுப்பும் முழங்காலும் விரல் மூட்டுகளும் பழுதாகியிருக்கின்றன. புகையிலைத் தூசியால் இருமலும் இளைப்பும் சேர்ந்துகொள்கின்றன. இது முதுமை கொடுத்த இயலாமை என்று பதிவாகும். உண்மையில் ஒரு பங்கு தொழில் கொடுத்தது. பீடித் தொழிலாளர்களுக்கென 1976-இன் நலநிதிச் சட்டத்தின் வழியே மருந்தகங்களும் மருத்துவமனைகளும் அமைந்தன. அவற்றுள் ஒன்று முக்கூடலில் உள்ளது. அந்த நிதிக்கு ஊற்றாக இருந்த தீர்வை, 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. தவிர, நெடுங்காலம் பீடிக்கடை அட்டையில் தன் பெயர் இல்லாமல் அக்காள் பெயரிலோ மாமியார் பெயரிலோ சுற்றிய பெண்ணுக்கு இந்த உரிமைகளை நிறுவுவதற்கே வழியில்லை.

ஆண்களின் உடலில் சுமையும் சேற்று வயலும் முழங்காலையும் முதுகையும் தேய்க்கின்றன. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருபாலாருக்கும் பொது. அவை கட்டுக்குள் இல்லாதபோது வரும் பக்கவாதம், கால் விரல் இழப்பு, விழித்திரைப் பாதிப்பு ஆகியவையே இன்று நடமாட்டத்தை ஒரே நாளில் பறிக்கும் காரணங்கள்.

கண்: ஓர் உறுப்பின் வழியே முழுச் சிக்கல்

முதியோர் இயலாமையில் எளிதாகத் தீர்க்கக்கூடியது பார்வைக் குறைவு. அதற்கான மருத்துவம் உலகமே பாராட்டும் தரத்தில் இந்த வட்டாரத்தின் அருகில் இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் திருநெல்வேலிக்கு வந்தது. முகாம் நடத்தி, வண்டியில் அழைத்துப்போய், கண்புரையை எடுத்து, சாப்பாடும் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடும் முறையை அது பழக்கப்படுத்தியது.

இவ்வளவும் இருந்து என்ன நடந்தது என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாக இருக்கிறது. தென்காசியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், 50 வயதைக் கடந்த 5,411 பேரின் கண்களைச் சோதித்து 2002-இல் வெளியான ஆய்வு அது. இரண்டு கண்ணிலும் 6/60-க்குக் கீழான பார்வையோடு நடமாடிக்கொண்டிருந்தவர்கள் 11 சதவீதம். சரியான கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது அது 4.6 சதவீதமாகக் குறைந்தது. அதாவது பார்வையற்றவர்களாகக் கணக்கில் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறுவையோ மருந்தோ தேவைப்படவில்லை, பொருத்தமான கண்ணாடி போதும். பார்வை இழந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு ஒரு கண்ணிலாவது புரையே முதன்மைக் காரணம். புரையால் பார்வை போனவர்களில் ஏறக்குறைய 56 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே அறுவை நடந்திருந்தது. கிராமப்புறப் பெண்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது குறைவாகவே எட்டியிருந்தது.

இன்னொரு முடிவு மேலும் உறுத்தலானது. அறுவை முடிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே இரு கண்ணிலும் நல்ல பார்வையோடு இருந்தனர். பழைய முறையில் லென்ஸ் வைக்காமல் புரையை மட்டும் எடுத்துக் கனத்த கண்ணாடி கொடுத்த காலத்தவர்கள் மற்றவர்களுள் பலர். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அறுவையின் பயனும் அதோடு போயிற்று. மறுபடி மருத்துவமனைக்குப் போய்க் காட்டவேண்டும் என்பதை யாரும் வற்புறுத்துவதில்லை. கணக்கேட்டில் அவர் அறுவை முடிந்தவர். மருத்துவ வசதியைப் பயன்படுத்தினாரா என்ற கேள்விக்கு ஆம் என்றும், பயன் அடைந்தாரா என்ற கேள்விக்கு இல்லை என்றும் ஒரே ஆளிடமிருந்து விடை வருகிறது.

முகாமுக்கு வராதவர்களைப் பற்றி 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதனோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. அரவிந்த் முகாம்கள் நடந்த தமிழகக் கிராமங்களில் கண்ணில் குறை இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தோர் 7 சதவீதத்துக்கும் குறைவு என்று அது கண்டது. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயசான காலத்தில் இனி எதற்கு என்ற எண்ணம் ஆகியவையே அவர்கள் சொன்ன காரணங்கள். சிகிச்சை இலவசம் என்றாலும் செலவு ஒரு காரணமாக வருவதைக் கவனிக்க வேண்டும். கூட வருபவரின் ஒருநாள் கூலி எந்த முகாமின் கணக்கிலும் இல்லை. அதன்பின் நிலைமை பெரிதும் முன்னேறியது உண்மை. உள்வைக்கும் லென்ஸ் இன்று எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. சிற்றூர்களில் பார்வை மையங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் 2015-19 தேசியக் கணக்கெடுப்பில் 50 வயது கடந்தோரின் பார்வையிழப்பில் 66 சதவீதத்துக்குப் புரையே காரணமாக இருந்தது.

யார் போகிறார், யார் போகவில்லை

மருத்துவ வசதியை மக்கள் பயன்படுத்தும் விதத்தை விளக்க ரொனால்ட் ஆண்டர்சன் 1968-இல் ஒரு சட்டகம் தந்தார். வயது, பால், கல்வி, நம்பிக்கை போன்ற முன்னியல்புகள்; பணம், போக்குவரத்து, காப்பீடு போன்ற வாய்ப்புகள்; நோயின் தேவை என மூன்றும் சேர்ந்தே ஒருவரை மருத்துவரிடம் கொண்டுசேர்க்கின்றன என்பது அதன் சாரம். இன்றும் பெரும்பாலான ஆய்வுகள் இதையே பின்பற்றுகின்றன. இயலாமை உள்ள முதியோரிடம் மட்டும் இது ஓர் இடத்தில் தடுமாறுகிறது. மற்றவர்களுக்குத் தேவை கூடினால் பயன்பாடும் கூடும். இவர்களுக்கோ தேவையைக் கூட்டும் அதே இயலாமை வாய்ப்பைக் குறைக்கிறது.

அதனால் மொத்த எண்கள் ஏமாற்றக்கூடியவை. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கடந்த பதினைந்து நாளில் உடம்பு சரியில்லை என்று சொன்னோர் எல்லா வயதினரிலும் 7.5 சதவீதம், 60 கடந்தவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம். முதியோர் அதிகம் மருத்துவரைப் பார்க்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வருகைகளில் பெரும்பங்கு, வலி இருந்தும் நடக்க முடிந்தவர்களுடையது. சர்க்கரை மாத்திரைக்கு மாதந்தோறும் வரிசையில் நிற்பவர் கணக்கில் பன்னிரண்டு முறை வருகிறார். படுத்த படுக்கையானவர் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

அவருக்கு மருத்துவமே இல்லை என்று சொல்வதும் சரியாகாது. பதிலி மருத்துவம் நடக்கிறது. மகனோ பேரனோ மருந்துக் கடையிலோ தனியார் கிளினிக்கிலோ அறிகுறியைச் சொல்லி மாத்திரை வாங்கி வருகிறார். பழைய சீட்டே ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றி விழுபவருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் அதே மாத்திரை அதே அளவில் தொடர்வது இப்படித்தான். உடம்பைத் தொட்டுப் பார்க்காத மருத்துவம் முதுமையில் மிக அபாயமானது. பல மருந்துகள் சேர்ந்து செய்யும் கேட்டை நோயாளியின் நடையையும் நாக்கையும் பார்த்தே அறிய முடியும்.

சோர்வாக இருந்தால் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது, வலிக்கு ஊசி போட்டுக்கொள்வது என்ற பழக்கமும் இந்த இடத்தில் சேர்கிறது. குற்றாலத்தின் எண்ணெய்த் தேய்ப்பும் நாட்டு வைத்தியமும் மூட்டுவலிக்காரர்களை ஈர்க்கின்றன. 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி அந்த மரபுக்கு முறையான முகம் தருகிறது. நரம்புச் சிக்கலோ பெரிய அறுவையோ என்றால் வசதியுள்ள வீடுகள் மலையைத் தாண்டித் திருவனந்தபுரத்தை நினைக்கின்றன. மற்றவர்களுக்கு வட்டாரப் பேச்சில் ஐகிரவுண்டு எனப்படும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வாசல்படியிலிருந்து வண்டி வரை

பாவூர்சத்திரம் போன்ற ஊரில் தொலைவு ஒரு தடையே இல்லை என்று வரைபடம் சொல்லும். அருகில் ஆரம்ப சுகாதார நிலையம், பத்துக் கிலோமீட்டரில் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனை, நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் திருநெல்வேலி, நடுவே ஓயாத பேருந்து. முதியவரின் தொலைவை வேறு இடத்தில் அளக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரையுள்ள தெரு, நிறுத்தத்திலிருந்து பேருந்தின் முதல் படி, இறங்கியபின் புறநோயாளிச் சீட்டு வரிசை, அங்கிருந்து ஆய்வகம், மறுபடி மருத்துவர், பிறகு மருந்து வரிசை. ஒவ்வொன்றும் சில நிமிடம் நிற்பது அல்லது சில அடி நடப்பது. நிற்க முடியாதவருக்கு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போதும், பயணம் முறிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்குப் போக்குவரத்து மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்கு சிரமமாக இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் குறிப்பிட்டது.

தமிழ்நாட்டில் பெண்களுக்கும், துணையாளர் ஒருவரோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. துணையாளருக்கும் சேர்த்து விலக்கு அளித்தது சிக்கலைப் புரிந்துகொண்ட முடிவு. ஆனால் அது சான்று உள்ளவருக்குத்தான். திருநெல்வேலி வரை போகும் தொலைதூர வண்டிகளுக்கு இந்த விலக்கு பொருந்தாது. வண்டியின் படி உயரமும் மாறவில்லை. 2008 முதல் ஓடும் 108 ஊர்தி அவசரத்துக்கு வரும். வாராந்திரப் பயிற்சிக்கு அழைத்துப் போவதும் சிகிச்சை முடிந்து வீட்டில் கொண்டுவந்து விடுவதும் அதன் வேலையல்ல. எஞ்சுவது ஆட்டோ. முதியோர் ஓய்வூதியமாக மாதம் கிடைக்கும் 1,200 ரூபாயில் அதற்கு எத்தனை முறை ஒதுக்க முடியும் என்பது எளிய கணக்கு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது துணைக்கு ஆள். இளையவர்கள் வெளியூரில் இருக்கும் வீட்டில் கணவனுக்கு மனைவிதான் துணை. அவளுக்கும் முழங்கால் வலி. கணவனை இழந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. இந்தியாவில் பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், மூட்டு நோயாலும் இயலாமையாலும் கூடுதலாகத் துன்பப்படுகிறார்கள். ஆனால் வீட்டுப் பணத்தில் மருத்துவத்துக்கான பங்கு அவர்களுக்குக் கடைசியாக வருகிறது. மருமகள் துணைக்குப் போனால் அன்றைய பீடிக் கணக்கு விழுகிறது. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை என்பதாலேயே அந்த நாள் செலவில்லாத நாளாகிவிடுவதில்லை.

காப்பீடும் சான்றும்

2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-இல் பெயரும் வடிவும் மாறி, 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காக்கிறது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் இதைப் போன்ற காப்பைத் தொடங்கியது. இடுப்பெலும்பு முறிவு, இதய அடைப்பு, மூட்டு மாற்று என்றால் இது பெரிய பலம். ஆனால் உள்நோயாளிச் சிகிச்சைக்கே இது பொருந்தும். முதுமை இயலாமையின் நீண்ட செலவுகள் வேறு வகை. வெளிநோயாளி மருந்து, வாரம் மூன்று நாள் பயிற்சி, பெரியவர்களுக்கான டயப்பர், செவித்துணைக்கருவியின் மின்கலம், உடனிருந்து பார்ப்பவரின் சம்பளம். படுக்கையை விட்டு எழுந்த மறுநாளில் தொடங்கும் இந்தச் செலவுகளில் காப்பீடு விலகிக்கொள்கிறது.

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. நடுக்குவாதம் அதில் உண்டு. இந்திய முதியோரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இருப்பதாக மதிப்பிடப்பட்ட மறதி நோய் தனிப்பெயரில் இல்லை. பொதுவான தளர்ச்சிக்கும் இடமில்லை. சலுகைகளுக்கு 40 சதவீத இயலாமைச் சான்று வேண்டும். சான்று வாங்கச் சிறப்பு மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நடக்க முடியாது என்பதை நிரூபிக்க நடந்து வரச் சொல்லும் இந்த ஏற்பாட்டின் முரணை அதிகாரிகளும் அறிவார்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களில் சான்று வழங்கலையும் சேர்த்தது அதனால்தான். கருவிகளுக்கு 2017-இல் வந்த ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி, காதுக்கருவி, பல்செட், கண்ணாடி ஆகியவற்றை வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு அது தருகிறது. முகாமில் கிடைக்கும் சக்கர நாற்காலி மணல் தெருவில் ஓடாது, ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்பது வேறு பேச்சு.

மருத்துவம் வீட்டுக்கு வருதல்

சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பு 1996-இல் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் 2010-இல் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் மையம் 2024 பிப்ரவரியில் திறந்தது. பாவூர்சத்திரத்து முதியவருக்கு அறுநூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தக் கட்டடத்தைவிட, 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நெருக்கமானது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்து அளவும் பார்க்கிறார். இயன்முறை மருத்துவரும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு இதற்கு விருது தந்தது.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் திசையில் இருக்கிறது. நோயாளி வருவார் என்று காத்திருக்கும் நிலையத்தை அது தெருவில் இறக்கியது. வரம்பும் அங்கேயே தெரிகிறது. மாத்திரை கொடுப்பதற்கு ஆள் பலம் போதும். பயிற்சி அளிப்பதற்கு வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்ற அளவு மிகச் சிறிது. பக்கவாதத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேர வரம்பு உண்டு, அதற்குள் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அந்த அவசரத்துக்கு ஊர்தியும் மருத்துவமனையும் தயாராகிவருகின்றன. ஆனால் கை கால் திரும்புவதற்கான பெரும் முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது. அந்த மூன்று மாதம் முழுவதும் நோயாளி வீட்டில் இருக்கிறார். பயிற்சி மாதத்துக்குச் சில முறை என்றால் மற்ற நாட்களின் பயிற்சி வீட்டாரின் கையில். அவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தால் நடக்கிறார், இல்லையென்றால் தோள் இறுகி, கால் மடங்கி, படுக்கையே நிலையாகிறது. வீட்டார் சேவை செய்கிறேன் என்று எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவதும் தசையை விரைந்து தளர்த்தும். ஊட்டிவிடும் கை அன்பானதுதான், ஆனால் உண்ணும் கை அதனால் ஓய்ந்துபோகிறது.

கடைசிக் கட்டத்தில் எல்லைக்கு அப்பாலுள்ள அனுபவம் உதவுகிறது. 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு மருத்துவமனைப் பிரிவாகத் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், 2008-இல் கேரள அரசின் கொள்கையாகி, உள்ளாட்சிகள் பொறுப்பேற்கும் வீட்டுப் பராமரிப்பாக ஊன்றியது. அங்கே செவிலியரோடு பக்கத்து வீட்டுத் தன்னார்வலரும் போகிறார். தமிழ்நாட்டில் செவிலியர் வருகை வந்துவிட்டது, அக்கம்பக்கத்தாரின் பங்கு இன்னும் முறையாக்கப்படவில்லை. படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது, வலிக்கு மார்பின் கிடைக்கச் செய்வது ஆகியவை ஆதரவுச் சிகிச்சையின் அன்றாட வேலைகள். இவற்றில் செவிலியரே செய்ய வேண்டியவை சில. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது செவிலியர் போன பிறகு நடக்க வேண்டியது. அதற்கு வீட்டில் ஒருவர் இருந்தால் புண் ஆறுகிறது. இல்லாத வீட்டில் அடுத்த வருகைக்குள் புண் ஆழமாகிறது, கடைசியில் 108-இல் ஏறி உள்நோயாளியாகச் சேர்ந்தபிறகுதான் அந்த முதியவர் முதன்முறையாகப் பயன்பாட்டுக் கணக்கில் இடம்பெறுகிறார்.